நான்கு மணி

நண்டு வடிவக் காந்தம் ஒன்று
குளிர்சாதனப் பெட்டியின் கதவில்
இரண்டு வருடமாகப் பிடித்துக்கொண்டிருந்தது அந்தக் கடிதத்தை.

மூன்று வருடத்துக்கு ஒருமுறை
சூப்பர் மார்க்கெட்டின் கார் நிறுத்துமிடத்துக்கு
வெள்ளை வண்டி வரும்.
க்ரிம்ஸ்பியில் ஐம்பதைத் தாண்டிய பெண்கள்
உருளைக்கிழங்கையும் பாலையும் காரில் வைத்துவிட்டு
இரும்புப் படியேறிப் போய்
மேற்சட்டையைக் கழற்றிவிட்டு வருவார்கள்.
ரோவீனா போகவில்லை.
"பஸ் ஓட்டுகிறவளுக்கு ஏது நேரம்?"
ஞாயிற்றுக்கிழமைகள் முழுக்க நேரம்தான்.
எனக்கு அது தெரியும் என்பது அவளுக்கும் தெரியும்.

பதினாறு வருடத்துக்கு முன்பு ஒரு டாக்டர்
கருத்தடை மாத்திரை ஏன் வேண்டாம் என்கிறாய் என்று
மூன்று முறை கேட்டார்.
மூன்றாம் முறை சொல்லிவிட்டாள்.
அவர் பேனாவை மூடினார்.
அவ்வளவுதான், வேறொன்றும் சொல்லவில்லை.
அந்த மூடியின் சத்தத்தை
விருந்துகளில் நாக்கால் செய்துகாட்டுவாள்:
டிக்.
விழுந்து விழுந்து சிரிப்போம்.
பல்வலிக்குத் தவிர
அதன் பிறகு எந்தக் கதவையும் அவள் தட்டவில்லை.

என் வேலை முள் தேடுவது.
ஹேடக் மீன் துண்டுகள் பட்டையில் ஓடிவரும்,
விரல்நுனியால் ஒரு தடவு, அடுத்தது, அடுத்தது.
கண்ணை நம்பாதே என்றுதான் முதல் நாளே சொன்னார்கள்.
பிப்ரவரியில், பாதித் தூக்கத்தில்,
இருபத்தோரு வருடமாகப் போகிற இடத்துக்கே
கை போனது.
போன இடத்தில் நின்றுவிட்டது.

வேகாத பட்டாணி அளவு.

ஒன்பது நாள் நான் வாய் திறக்கவில்லை.
அதை எந்தப் படிவமும் கேட்காது.
பத்தாம் நாள், அவள் சீருடையின் பொத்தானைப் போடும்போது
சொன்னேன். போட்ட பொத்தானை
ஒவ்வொன்றாகக் கழற்றினாள்.

ஆஸ்பத்திரியில் கேள்விகள் இப்படி வந்தன:
குழந்தைகள்?
முதல் பிரசவம் எந்த வயதில்?
தாய்ப்பால் எத்தனை மாதம்?
பூஜ்யம் பூஜ்யமாக எழுதிக்கொண்டே வந்த தாதி
தலை நிமிராமல் கேட்டாள்:
"கட்டியை முதலில் கவனித்தது யார்?"
"பெவ்."
"பெவ் என்பது..."
என்னைப் பார்த்தாள். எங்கள் நரையைப் பார்த்தாள்.
"சகோதரியா?"
ரோவீனா நாக்கால் ஒரு சத்தம் செய்தாள்.
டிக்.
அந்த அறையில் அது புரிந்தவள் நான் ஒருத்திதான்.
சிரித்துவிட்டேன், அழுகிற இடத்தில்.
"என் பெண்டாட்டி" என்றாள் அவள், கொஞ்சம் சத்தமாகவே,
கடைசி நிறுத்தத்தின் பெயரைச் சொல்கிற மாதிரி.

தாதியின் பேனா மூடவில்லை.
தவறாக எழுதியதை அடித்துவிட்டு, சிவந்துபோய்,
மன்னிக்கவும் என்றாள்.
மன்னிக்க எங்களிடம் அப்போது ஏது தெம்பு?

ஸ்கேன் எடுத்த ஃபோலாஷாடே
மார்பை ஒரு கடிகாரமாக்கிச் சொன்னாள்:
"இடது, நான்கு மணி."
"தினமும் நான் எழுந்திருக்கிற நேரம்" என்றாள் ரோவீனா.
"முதல் பஸ் ஐந்து பத்துக்கு."

முடிவு வியாழக்கிழமை.

புதன் இரவு அவள் தூங்கவில்லை.
பாலெடுக்கப் போனவள் நண்டைப் பிடுங்கினாள்.
அதன் அடியிலிருந்து இரண்டு தாள் விழுந்தன.
ஒன்றன்மேல் ஒன்றாக அவை மஞ்சளாகியிருந்தன.
இரண்டாவது என் பெயருக்கு வந்தது.

முள் தேடுகிறவளின் கடிதம்.
அவளுக்குத் துணையாக நானும் போகாமலிருந்தேன் என்பதா,
அவள் டிக் எனக்கும் கேட்டது என்பதா,
எதைச் சொல்வது?
அவள் எதையும் கேட்கவில்லை.

ஸ்டியரிங் பிடித்துக் காய்த்த கை அது,
முள் தேடப் பழகாதது.
அது என் சட்டைக்குள் மெதுவாக வந்தது,
பன்னிரண்டில் தொடங்கி,
ஒன்று, இரண்டு,
அவசரமில்லாமல்,
வெளியே முதல் மீன் லாரிகள் இரைய.
மூன்று.
நான் மூச்சைப் பிடித்துக்கொண்டேன்.